முடிவு மேசைக்கு வரும் வழி: தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் வெளியுறவுக் கொள்கையை வடிவமைப்பது எப்படி

தேசியப் பாதுகாப்பு ஆலோசகரின் கீழ் தூதரகம் இல்லை, படை இல்லை, சொல்லிக்கொள்ளும்படி நிதியும் இல்லை. வெளியுறவு அமைச்சருக்கு உலகம் முழுக்கத் தூதர்கள். பாதுகாப்பு அமைச்சருக்கு முப்படை. ஆலோசகர் கையில் இருப்பவை மூன்று காகிதங்கள்தாம்: எந்தக் கேள்வி நாட்டின் தலைவரான பிரதமர் அல்லது அதிபரின் மேசைக்குப் போகும் என்று சொல்லும் நிகழ்ச்சி நிரல், அந்தக் கேள்வியோடு போகும் குறிப்பு, கூட்டம் முடிந்ததும் எழுதப்படும் முடிவுப் பதிவு. இவற்றைச் சரியாகக் கையாளும் ஆலோசகர் வாய் திறந்து கருத்துச் சொல்லாமலேயே வெளியுறவுக் கொள்கையை வடிவமைத்துவிடுவார். கோட்டைவிட்டவர் தினமும் தலைவரோடு தேநீர் குடித்தாலும் பயனில்லை.

ஆலோசகரின் செயலகத்தில் கோப்பு எழுதப் போகிறவர், இந்தப் பதவியைப் படிக்கும் மாணவர், செய்தி எழுதுகிறவர் ஆகியோருக்கான நடைமுறை இது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அமெரிக்கா, இந்தியா இரண்டிலிருந்தும் வருகின்றன. அமெரிக்காவில் ஆவணங்கள் வெளியே வந்துவிட்டன; நடந்த தவறுகளைத் தேதியோடு பார்க்க முடிகிறது.

முதல் வாரத்திலேயே அதிகாரத்தை எழுதி வாங்குங்கள்

இந்தப் பதவிக்குச் சட்டத்தின் துணை குறைவு. அமெரிக்காவின் 1947ஆம் ஆண்டு தேசியப் பாதுகாப்புச் சட்டம், அதிபரும் முக்கிய அமைச்சர்களும் அமரும் தேசியப் பாதுகாப்புக் கவுன்சிலை உருவாக்கியது. ஆலோசகர் பதவியை உருவாக்கவில்லை. 1953இல் அதிபர் ஐசனோவர் ராபர்ட் கட்லரைச் சிறப்பு உதவியாளராக நியமித்தபோதுதான் அது பிறந்தது. செனட்டின் ஒப்புதல் இன்றும் தேவையில்லை. இந்தியாவில் 1998 நவம்பரில் வாஜ்பாய் அரசு தேசியப் பாதுகாப்புக் கவுன்சிலை அமைத்தபோதும் நாடாளுமன்றச் சட்டம் எதுவும் வரவில்லை, அரசாணைதான். முதல் ஆலோசகரான பிரஜேஷ் மிஸ்ரா பிரதமரின் முதன்மைச் செயலராகவும் இருந்தார். அவருடைய செல்வாக்கில் எவ்வளவு எந்தப் பதவியிலிருந்து வந்தது என்று பிரித்துச் சொல்வது கடினம்.

தலைவர் கொடுக்கும் வரைதான் அதிகாரம் என்பதால், அதை முதல் வாரத்திலேயே எழுத்தில் வாங்கிவிட வேண்டும். அந்த ஆணையில் ஆறு விஷயங்கள் கட்டாயம் இருக்கட்டும்: உயர்மட்டக் குழுவில் யார் யார் உறுப்பினர், அதற்குக் கீழே எத்தனை படிக் குழுக்கள், ஒவ்வொன்றுக்கும் தலைவர் யார், குறிப்புகள் எத்தனை நாள் முன்னால் வந்து சேர வேண்டும், முடிவுப் பதிவை எழுதும் உரிமை யாருக்கு, எந்த வகை விஷயத்தை அமைச்சர்கள் நேரடியாகத் தலைவரிடம் எடுத்துப் போகலாம். மற்றவை பிறகு வரலாம்.

தாமதத்தின் விலை தெரிந்ததே. 1969 ஜனவரி 20, நிக்சன் பதவியேற்ற அன்றே, அவருடைய ஆலோசகர் கிஸ்ஸிஞ்சர் தயாரித்த அமைப்பு ஆணை வெளியாகிவிட்டது. குழுக்களின் சாவி அன்றிலிருந்து அவரிடம். 1981இல் ரீகன் ஆட்சியில் நேர்மாறு. வெளியுறவு அமைச்சர் அலெக்சாண்டர் ஹேக் முதல் நாளே வரைவைக் கொண்டுபோனார். அது வெள்ளை மாளிகை ஆலோசகர் ஒருவரின் பெட்டிக்குள் போய்த் தங்கிவிட்டது. முறையான ஆணை 1982 ஜனவரி 12இல்தான் கையெழுத்தானது. கிட்டத்தட்ட ஓராண்டு, யார் எந்தக் கூட்டத்துக்குத் தலைமை வகிப்பது என்பதிலேயே துறைகள் மோதிக்கொண்டன. எட்டு ஆண்டுகளில் ரீகனுக்கு ஆறு ஆலோசகர்கள்.

இந்தியாவில் ஒரு படி நகர்வை மட்டும் கவனியுங்கள். துறைச் செயலர்களும் படைத் தளபதிகளும் அமரும் உத்திக் கொள்கைக் குழுவுக்கு முன்பு அமைச்சரவைச் செயலர் தலைவர். 2018இல் அந்த நாற்காலி ஆலோசகருக்கு வந்தது. செய்தித்தாளில் சிறு பெட்டிச் செய்தியாக முடிந்துபோன மாற்றம். ஆனால் செயலர்களைக் கூட்டத்துக்கு அழைக்கும் கடிதம் யாருடைய அலுவலகத்திலிருந்து போகிறது என்பதே அதில் மாறிவிட்டது. இறுதி முடிவு இன்னும் பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழுவிடமே இருக்கிறது: பிரதமர், உள்துறை, பாதுகாப்பு, நிதி, வெளியுறவு அமைச்சர்கள். ஆலோசகர் அதற்கான தரையைச் சமன்படுத்துகிறவர்.

ஆணையோடு இரண்டு வழக்கங்களையும் முதல் வாரத்தில் நிலைநாட்டுங்கள். ஒன்று, தலைவரோடு தினமும் ஒரே நேரத்தில் அரை மணி. அதில் எழுத்தில் இல்லாத எதற்கும் முடிவு கேட்கக் கூடாது. இரண்டு, வெளியுறவு, பாதுகாப்பு அமைச்சர்களோடு வாரம் ஒருமுறை உதவியாளர் எவருமில்லாத சாப்பாடு. கார்ட்டர் காலத்தில் வெளியுறவு அமைச்சர் வான்ஸ், பாதுகாப்பு அமைச்சர் பிரவுன், ஆலோசகர் பிரெஜின்ஸ்கி மூவரும் வாராந்தர மதிய உணவில் கூடினார்கள். தந்தை புஷ் காலத்தில் அதே பதவிகளில் இருந்த பேக்கர், செய்னி, ஸ்கோக்ராஃப்ட் மூவருக்கும் புதன்கிழமைக் காலை உணவு. கூட்டத்தில் வெடிக்கக்கூடிய சண்டைகளில் பாதி அங்கேயே ஆறிவிடும்.

கேள்வியைக் கூர்மையாக்குவது

பெரும்பாலான குறிப்புகள் கேள்வியிலேயே கெட்டுப்போகின்றன. ஒரு கற்பனை நிலையை எடுத்துக்கொள்வோம்: அண்டை நாடு ஒன்றில் ராணுவம் ஆட்சியைப் பிடித்திருக்கிறது, அங்கே நம் குடிமக்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், நாம் கட்டித்தரும் துறைமுகப் பணி பாதியில் நிற்கிறது.

“புதிய ஆட்சி குறித்து நம் கொள்கை என்னவாக இருக்க வேண்டும்?” என்று கேட்டால் ஒவ்வொரு துறையும் தனக்குத் தெரிந்த கட்டுரையை எழுதி அனுப்பும். இப்படிக் கேளுங்கள்: “நம் குடிமக்கள் வெளியேறி முடியும்வரை கண்டன அறிக்கையைத் தள்ளிவைப்பதா? துறைமுகத்துக்கான அடுத்த தவணை 30 நாளில் செலுத்தியாக வேண்டும், செலுத்துவதா, நிறுத்துவதா?” இதற்கு ஆம், இல்லை, எப்போது, யார் என்ற விடைகள் வரும். கேள்விக்குள் ஒரு தேதியும் ஒரு செயலும் இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அது இன்னும் தலைவரிடம் போகும் அளவுக்குக் கனியவில்லை. கீழ்மட்டக் குழுவுக்கே திருப்பி அனுப்புங்கள்.

கேள்வி எழுதியவுடன் அதை வெளியுறவு அமைச்சகத்தின் சம்பந்தப்பட்ட நாட்டுப் பிரிவுக்குக் காட்டி ஒப்புதல் வாங்குங்கள். “நாங்கள் கேட்காத கேள்விக்கு அவர்கள் முடிவு எடுத்துவிட்டார்கள்” என்ற புகாருக்கு அதன்பின் இடமிருக்காது.

தகவல் ஒரு கையில், யோசனை இன்னொரு கையில்

உளவு மதிப்பீட்டையும் கொள்கைத் தெரிவுகளையும் ஒரே மேசையில் எழுத விடாதீர்கள். எதைச் செய்ய வேண்டும் என்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்டவர் தன்னை அறியாமலே அதற்கேற்ற தகவலைத்தான் பொறுக்குவார். மதிப்பீடு முதலில் வந்து பூட்டப்பட வேண்டும்; தெரிவுகள் பிறகு. மதிப்பீட்டில் மூன்றைத் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள்: உறுதியாகத் தெரிந்தது, ஊகிப்பது, தெரியாதது. மூன்றாவது காலியாக வந்தால் சந்தேகப்படுங்கள். ஒரு மூலத்திலிருந்து வந்த செய்தி நான்கு அறிக்கைகளில் நுழைந்து நான்கு மூலங்களைப் போலத் தோன்றுவது அடிக்கடி நடக்கும். மூலங்களின் எண்ணிக்கையைக் கேட்டே ஆக வேண்டும்.

ஆலோசகர் எங்கிருந்து வந்தவர் என்பதும் இங்கே வேலை செய்யும். மிஸ்ரா, ஜே. என். தீட்சித், சிவசங்கர் மேனன் மூவரும் வெளியுறவுப் பணியிலிருந்து வந்தவர்கள். எம். கே. நாராயணனும் அஜித் தோவலும் உளவுத்துறையிலிருந்து. தூதராக இருந்தவருக்கு எதிர்த்தரப்பின் வாக்குறுதியில் நம்பிக்கை சற்று கூடுதலாக இருக்கலாம். உளவு அதிகாரியாக இருந்தவருக்கு மதிப்பீட்டைத் தானே எழுதிவிடும் ஆசை வரலாம். இரண்டும் திறமையிலிருந்து பிறக்கும் குறைகள். துணை ஆலோசகர்களை மற்ற பின்னணியிலிருந்து எடுத்தால் ஓரளவு ஈடாகும்.

தெரிவுகள்: உண்மையான மூன்று

கொள்கை வட்டாரத்தில் பழைய கேலி ஒன்று உண்டு. குறிப்பில் எப்போதும் மூன்று தெரிவுகள்: அணு ஆயுதப் போர், முழுச் சரணாகதி, இரண்டுக்கும் நடுவே எழுதியவர் விரும்புவது. சிரிப்புக்குச் சொன்னாலும் பாதிக் குறிப்புகள் இன்றும் இப்படித்தான் வருகின்றன. தலைவர் தேர்ந்தெடுப்பதாக நினைத்துக்கொள்வார். தேர்வு மூன்று நாள் முன்பே ஒரு இணைச் செயலரின் அறையில் முடிந்திருக்கும்.

இதைத் தடுக்க ஐசனோவர் 1953இல் ஒரு வழி கண்டார். சோவியத் ஒன்றியத்தை எப்படி எதிர்கொள்வது என்பதற்கு மூன்று தனிக் குழுக்களை அமைத்து, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு கொள்கையைக் கொடுத்து, அதை முடிந்தவரை வலுவாக வாதிடச் சொன்னார். சோலாரியம் என்று பெயர். கட்டுப்படுத்தும் கொள்கையை வாதிட்ட குழுவுக்கு ஜார்ஜ் கென்னன் தலைவர். மூன்று அறிக்கைகளும் ஐசனோவர் முன்னிலையில் வாசிக்கப்பட்டன; அந்த ஆண்டு அக்டோபரில் வந்த கொள்கை ஆவணம் அதன் விளைவு. ஒவ்வொரு சிக்கலுக்கும் இவ்வளவு செய்ய முடியாது. ஆனால் ஒவ்வொரு தெரிவையும் அதை நம்புகிறவரே எழுத வேண்டும் என்ற விதியை எப்போதும் பின்பற்றலாம். எதிர்ப்பவர் எழுதிய தெரிவு நோஞ்சானாகத்தான் வரும்.

ஒவ்வொரு தெரிவும் அரைப் பக்கத்துக்குள் ஆறு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். என்ன செய்கிறோம்? யார் செய்கிறார்? எவ்வளவு செலவு, எந்தத் தலைப்பிலிருந்து? எதற்குச் சட்ட அனுமதி வேண்டும்? எதிர்த்தரப்பு பதிலுக்கு என்ன செய்யும்? சரிவரவில்லை என்றால் எப்படித் திரும்புவது? கடைசி இரண்டையும்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நம் எடுத்துக்காட்டில் தவணையை நிறுத்துவது எளிது. அந்த இடத்தில் வேறொரு நாடு பணத்தோடு நுழைந்தால் திரும்பும் வழி அடைபட்டுவிடும். அதை எழுதாத குறிப்பு தலைவருக்குப் பாதித் தகவலைத்தான் தருகிறது.

“எதுவும் செய்யாமல் இருப்பது” என்பதையும் ஒரு தெரிவாக, அதன் விளைவுகளோடு எழுதுங்கள். சில வாரங்களில் அதுவே சிறந்ததாக இருக்கும். ஆனால் அதை எழுதுபவருக்குச் செயல்படாதவர் என்ற பெயர் வரும் என்பதால் யாரும் தானாக எழுத மாட்டார்கள்.

மொத்தக் குறிப்பு இரண்டு பக்கம். இணைப்புகள் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கட்டும். மாற்றுக் கருத்துள்ள துறையின் வாதம் அந்தத் துறை எழுதிய சொற்களிலேயே முதல் இரண்டு பக்கத்துக்குள் வர வேண்டும், இணைப்பில் அல்ல. ஆலோசகரின் சொந்தப் பரிந்துரை தனி உறைத்தாளில், அது தன் கருத்து என்ற குறிப்போடு. தந்தை புஷ்ஷுக்கு ஸ்கோக்ராஃப்ட் சொன்ன கருத்துகள் பலமானவை. ஆனால் மற்றவர்களின் கருத்தை அவர் திரிக்கவில்லை என்று பேக்கரும் செய்னியும் நம்பினார்கள். ஃபோர்டு, புஷ் என்று இரண்டு அதிபர்களிடம் இந்தப் பதவியை வகித்தவர் அவர் ஒருவர்தான்.

மூன்று படிகள்

புஷ் 1989இல் அமைத்த படிகளே இன்றும் அமெரிக்காவில் அடிப்படை வடிவம். வேறு நாடுகளும் ஏறக்குறைய இதையே வைத்துக்கொண்டிருக்கின்றன. அடியில் துறை இணைச் செயலர் மட்டத்தில் ஒரு வட்டாரக் குழு; நடுவே துணை அமைச்சர்கள் அல்லது செயலர்கள் குழு; மேலே அமைச்சர்கள். உழைப்பு நடுக்குழுவில்தான். அங்கே அமர்பவர்கள் தம் அமைச்சரின் சார்பில் ஒப்புக்கொள்ளும் அதிகாரமுள்ளவர்கள். அதே சமயம் கோப்பைப் படித்துவிட்டு வருகிறவர்களும் அவர்களே.

ஒவ்வொரு படியும் ஒத்துக்கொண்டதைப் பூட்டிவிட்டு, ஒத்துவராததை மட்டுமே மேலே அனுப்ப வேண்டும். இதில் ஒரு பொறி உண்டு. மேலே சண்டை போகக் கூடாது என்பதற்காகக் கீழ்க்குழு எல்லோருக்கும் பொருந்தும் மழுப்பலான வாக்கியமொன்றைக் கண்டுபிடிக்கும்: “உரிய நேரத்தில் உரிய நடவடிக்கை” போன்றது. அந்த வாக்கியத்தை வெளியுறவுத் துறை ஒரு விதமாகவும் பாதுகாப்புத் துறை வேறு விதமாகவும் படித்து, இரண்டும் எதிரெதிராகச் செயல்படும். ஐசனோவர் காலக் குழுக்கள் மீது சொல்லப்பட்ட முக்கியக் குற்றச்சாட்டே இதுதான். வேறுபாட்டைச் செயலகம் தேடிப் பிடித்து வெளியே எடுத்துப் போட வேண்டும்.

கூட்ட அறை

குறிப்பு 48 மணி நேரம் முன்னால் போய்ச் சேர வேண்டும். கூட்டம் 60 முதல் 90 நிமிடம். அமைச்சருடன் ஒரே ஒரு உதவியாளர். சுவரோரம் பத்துப் பேர் அமர்ந்தால் அமைச்சர்கள் அவர்களுக்காகப் பேசத் தொடங்குவார்கள். அடுத்த நாள் செய்தித்தாளிலும் அதைப் படிக்கலாம்.

யாரை அழைக்கிறோம் என்பதே பாதி முடிவு. 1980 ஏப்ரல் 11 அன்று ஈரானில் பிணைக் கைதிகளை மீட்கப் படையை அனுப்ப கார்ட்டர் முடிவெடுத்தார். வெளியுறவு அமைச்சர் சைரஸ் வான்ஸ் அப்போது ஃபுளோரிடாவில் விடுப்பில் இருந்தார். அவருடைய துணை அமைச்சர்தான் கூட்டத்தில் இருந்தார். வான்ஸ் திரும்பிவந்து எதிர்வாதம் வைத்தார், முடிவு மாறவில்லை. 24ஆம் தேதி மீட்பு முயற்சி பாலைவனத்தில் எட்டு உயிர்களோடு தோற்றது. அதற்கு முன்பே வான்ஸ் விலகல் கடிதத்தைக் கொடுத்துவிட்டிருந்தார். அவர் முதல் கூட்டத்தில் இருந்திருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் எதிர்ப்பவர் இல்லாத நாளில் எடுத்த முடிவு என்ற கறை போகவில்லை. விதி எளிது: மாறாக நினைப்பார் என்று தெரிந்த அமைச்சர் ஊரில் இல்லையென்றால், கூட்டத்தைத் தள்ளிவையுங்கள், முடியாதென்றால் பாதுகாப்பான இணைப்பில் அவரைக் கொண்டுவாருங்கள்.

நிதித் துறையையும் சட்ட ஆலோசகரையும் மறப்பது வழக்கமான பிழை. பொருளாதாரத் தடை பற்றிப் பேசும் கூட்டத்தில் நிதித் துறை இல்லையென்றால், தடையை அமல்படுத்தப் போகிறவர் இல்லாமலே தடை விதிக்கிறீர்கள்.

பேசும் வரிசை: உளவு மதிப்பீடு 5 நிமிடம், கேள்வியும் தெரிவுகளும் 5 நிமிடம், பிறகு அமைச்சர்கள். ஆலோசகர் தன் கருத்தைக் கடைசியில், கேட்டால் மட்டும். தலைவர் முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் அதற்கு ஒத்துப்பாடத் தொடங்கிவிடுவார்கள். 1962 அக்டோபரில் கியூபா ஏவுகணை நெருக்கடியின்போது கென்னடி சில கூட்டங்களுக்கு வேண்டுமென்றே வராமல் இருந்தார். உறுப்பினர்கள் தயக்கமின்றி மோதிக்கொள்ளட்டும் என்று. நெருக்கடி நேரத்தில் இதைச் செய்யத் துணிவு வேண்டும். செய்து பாருங்கள்.

தொலைபேசிச் செயலியில் கூட்டம் நடத்தாதீர்கள். 2025 மார்ச்சில் யேமன் தாக்குதல் பற்றி அமெரிக்க உயரதிகாரிகள் சிக்னல் செயலியில் வைத்திருந்த உரையாடல் குழுவில் ஒரு பத்திரிகை ஆசிரியரும் சேர்க்கப்பட்டிருந்தார். குழுவைத் தொடங்கியவர் அன்றைய பாதுகாப்பு ஆலோசகர். ரகசியம் கசிந்தது ஒருபுறம். செய்திகள் தானாக அழிந்தால் முடிவின் பதிவும் அவற்றோடு போய்விடும் என்பது மறுபுறம்.

முடிவுப் பதிவு

கூட்டம் முடிந்து 24 மணி நேரத்துக்குள் ஒரு பக்கப் பதிவு எல்லாத் துறைக்கும் போக வேண்டும். ஒவ்வொரு வரியிலும் செயல், பொறுப்பாளர், கெடு. “விவாதிக்கப்பட்டது” என்ற சொல்லே வரக் கூடாது. எந்த முடிவு எடுக்கப்படவில்லை என்பதையும் ஒரு வரியில் எழுதுங்கள். இல்லையென்றால் யாராவது ஒருவர் எடுக்கப்பட்டதாகவே நடந்துகொள்வார்.

முடிவை மாற்ற வேண்டுமென்றால், எந்த அறையில் எடுக்கப்பட்டதோ அதே அறைக்குத் திரும்பி வர வேண்டும். இது மீறப்பட்டதற்கு மிக விலை கூடிய எடுத்துக்காட்டு ஈராக். 2003 மார்ச்சில், போருக்கு முன், ஈராக் படையின் பெரும்பகுதியைக் கலைக்காமல் மறுசீரமைப்புப் பணிக்குப் பயன்படுத்தும் திட்டம் அமெரிக்க அதிபர் முன்னிலையில் கவுன்சிலில் ஏற்கப்பட்டது. மே 23 அன்று பாக்தாத்தில் ஆக்கிரமிப்பு நிர்வாகம் தன் இரண்டாம் ஆணையில் அந்தப் படையைக் கலைத்துவிட்டது. முந்தைய முடிவை மாற்றுவது பற்றிய முழு விவாதம் துறைகளுக்கிடையே நடக்கவில்லை. ஆயுதப் பயிற்சி பெற்ற லட்சக்கணக்கானவர்கள் சம்பளமின்றித் தெருவுக்கு வந்தார்கள். செயலகம் ஒரு சிறு பட்டியல் வைத்திருந்தாலே போதும்: நடப்பில் உள்ள முடிவுகள் எவை, களத்திலிருந்து வரும் வரைவு ஆணைகள் அவற்றோடு ஒத்துப்போகின்றனவா. இந்த ஒப்பீட்டைத் தினமும் செய்ய ஒருவரை நியமியுங்கள். சலிப்பூட்டும் வேலை, செயலகத்தில் இதைவிட மதிப்புள்ள வேலை அதிகமில்லை.

கண்காணிக்கலாம், தானே செய்யக் கூடாது

முடிவு அமலாகிறதா என்று பார்ப்பது ஆலோசகரின் கடமை. துறை மந்தமாக இருக்கிறது என்று எரிச்சலடைந்து தானே செய்ய இறங்குவதுதான் இந்தப் பதவியின் தொழில்நோய். ரீகன் காலத்தில் கவுன்சில் அலுவலர்கள் ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்று, லாபத்தை நிகரகுவாவின் கோன்ட்ரா கிளர்ச்சியாளர்களுக்குத் திருப்பினார்கள். அந்த உதவியை நாடாளுமன்றம் தடை செய்திருந்தது. 1986 நவம்பர் 25 அன்று ஆலோசகர் பாயிண்டெக்ஸ்டர் விலகினார். ஆலிவர் நார்த் நீக்கப்பட்டார். விசாரித்த டவர் குழு 1987 பிப்ரவரியில் அறிக்கை தந்தது. அமைப்பை உடைத்து வேறு கட்டச் சொல்லவில்லை. இருக்கும் நடைமுறை பின்பற்றப்படவில்லை என்றது. ஸ்கோக்ராஃப்ட் அந்தக் குழுவின் மூன்று உறுப்பினர்களில் ஒருவர்.

எனவே செயலகத்துக்கு மூன்று தடைகளை எழுதி வையுங்கள். எந்த வங்கிக் கணக்கையும் இயக்கக் கூடாது. எந்த உளவாளியையும் நேரடியாகக் கையாளக் கூடாது. எந்தப் படைப்பிரிவுக்கும் உத்தரவு அனுப்பக் கூடாது. இந்தியாவில் இதற்கு ஒரு விலக்கு எழுத்திலேயே உண்டு: 2003 ஜனவரி 4 அன்று அறிவிக்கப்பட்ட அணு ஆயுதக் கட்டளை அமைப்பில், பிரதமர் தலைமையிலான அரசியல் கவுன்சிலுக்குக் கீழே செயற்கவுன்சிலின் தலைவர் ஆலோசகர்தான். அறிவிக்கப்பட்டது, வரையறுக்கப்பட்டது என்பதால் அது வேறு வகை.

ரகசியப் பயணமும் தனி வழிப் பேச்சும்

வெளியுறவு அமைச்சகத்தைத் தாண்டி ஆலோசகர் நேரடியாகப் பேசப் போகும் தருணங்கள் உண்டு. எதிர்நாட்டில் அதிகாரம் வெளியுறவு அமைச்சரிடம் இல்லாமல் அதிபர் மாளிகையிலோ கட்சித் தலைமையிலோ இருக்கும்போது அது பயன் தரும். 1971 ஜூலையில் கிஸ்ஸிஞ்சர் பாகிஸ்தானிலிருந்து ரகசியமாகப் பெய்ஜிங் போனது உலக அரசியலையே திருப்பிப் போட்டது. அதன் மறுபக்கம் 1972 பிப்ரவரியில் தெரிந்தது. நிக்சன் மாவோவைச் சந்தித்தபோது வெளியுறவு அமைச்சர் ரோஜர்ஸ் அழைத்துச் செல்லப்படவில்லை. மொழிபெயர்த்தவர் சீனத் தரப்பைச் சேர்ந்தவர். கூட்டறிக்கை வாசகம் முடிவான பிறகே வெளியுறவுத் துறை நிபுணர்கள் அதைப் பார்த்தார்கள். அதில் அமெரிக்காவின் ஜப்பான், தென்கொரியா பாதுகாப்பு ஒப்பந்தக் கடப்பாடுகள் இருந்தன, தைவானுடனான ஒப்பந்தம் இல்லை. தைவானைக் கைவிட்டதாகவே அது படிக்கப்படும். முடிந்துவிட்ட வாசகத்தைக் கடைசி நேரத்தில் மீண்டும் திறந்து பேச வேண்டியதாயிற்று. ஒரு துறை அதிகாரி முன்பே படித்திருந்தால் பத்து நிமிட வேலை.

இதற்கு எதிர்முனையில் இந்திய–சீன எல்லை குறித்த சிறப்புப் பிரதிநிதிகள் முறை. 2003இல் வாஜ்பாயின் சீனப் பயணத்தின்போது அறிவித்துத் தொடங்கப்பட்டது. இந்தியத் தரப்பில் ஆலோசகரே பிரதிநிதி என்பது வழக்கமாகிவிட்டது. 2005 ஏப்ரலில் தீர்வுக்கான அரசியல் அளவுகோல்கள் கையெழுத்தாயின. எல்லைக் கோடு இன்னும் வரையப்படவில்லை. ஆனால் 2020 கல்வான் மோதலுக்குப் பின் ஜூலை 5 அன்று தோவலும் சீனத் தரப்பின் பிரதிநிதி வாங் யியும் தொலைபேசியில் பேச ஒரு நிறுவப்பட்ட வழி இருந்தது. இலங்கையின் இறுதிப் போர்க் காலத்தில் இந்தியா பயன்படுத்தியது மூன்றாவது வடிவம். ஆலோசகர் நாராயணன், வெளியுறவுச் செயலர் மேனன், பாதுகாப்புச் செயலர் விஜய் சிங் ஒருபுறம். பசில் ராஜபக்ச, கோத்தபய ராஜபக்ச, லலித் வீரதுங்க மறுபுறம். துறைகளைத் தாண்டிய வேகமும் கிடைத்தது, துறைகள் அறையிலும் இருந்தன. அந்த வழியில் என்ன பேசப்பட்டது, என்ன பேசாமல் விடப்பட்டது என்பது தமிழர்களுக்கு இன்றும் ஆறாத கேள்வி. ஒரு வழி திறமையாக இயங்குவதும் அதில் போன கொள்கை நியாயமாக இருப்பதும் வேறு வேறு.

தனி வழியில் போகும்போது: எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்ற ஆணையை ஒரு பக்கத்தில் தலைவரின் கையெழுத்தோடு எடுத்துப் போங்கள். வெளியுறவு அமைச்சருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தூதருக்கு எப்போது சொல்வது என்று அவரோடு பேசி முடிவெடுங்கள். சொந்த மொழிபெயர்ப்பாளர், சொந்தக் குறிப்பெடுப்பவர்; இருவர் முடியாதென்றால் ஒருவராவது. இரவு தூங்கும் முன் உரையாடலை எழுதி முடியுங்கள், காலையில் நினைவு உங்களுக்குச் சாதகமாக மாறியிருக்கும். விமானம் ஏறும் முன் இருதரப்பு அறிக்கைகளின் வாசகத்தைப் பேசி முடியுங்கள். 2024 டிசம்பரில் பெய்ஜிங்கில் நடந்த சிறப்புப் பிரதிநிதிகள் கூட்டத்துக்குப் பின் சீனா ஆறு அம்ச ஒருமித்த கருத்து என்று அறிவித்தது. இந்திய அறிக்கையில் அந்தச் சொல்லே இல்லை. சில நேரம் வேறுபாடு வேண்டுமென்றே விடப்படும். அப்படியென்றால் அதுவும் ஆணையில் இருக்கட்டும்.

அளவும் நேரமும்

செயலகம் பெருத்தால் துறைகளின் வேலையைச் செய்யத் தொடங்கும். அமெரிக்க நாடாளுமன்றம் 2016 இறுதியில் கொண்டுவந்த சட்டம் கவுன்சிலின் கொள்கை அலுவலர்களை 200 என்று வரம்பிட்டது. ஒரு நாட்டுக்கோ வட்டாரத்துக்கோ மூன்று பேருக்கு மேல் இருந்தால், அவர்கள் தூதர்களுக்கே நேரடியாகக் கட்டளையிடுகிறார்களா என்று பாருங்கள்.

அன்றைய நெருக்கடி எல்லா நேரத்தையும் விழுங்கிவிடும். குறைந்தது இரண்டு பேரைக் கொண்ட ஒரு சிறு பிரிவுக்கு அன்றாடக் கோப்பு எதுவும் கொடுக்காதீர்கள். ஆறு மாதத்துக்கு அப்பால் வரப்போகும் முடிவுகளை மட்டும் அவர்கள் பார்க்கட்டும். முதல் பெரிய நெருக்கடியில் அவர்களையும் இழுத்துக்கொள்ளத் தோன்றும். இழுத்தால் திரும்பிப் போக மாட்டார்கள்.

வெளியே பேசுவதில் கஞ்சத்தனம் நல்லது. ஆலோசகரும் வெளியுறவு அமைச்சரும் ஒரே வாரத்தில் இரண்டு குரலில் பேசினால், மற்ற தலைநகரங்கள் தங்களுக்குப் பிடித்த குரலைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். இரு பதவியையும் ஒருவரே வகித்தால் இந்தத் தொல்லை இல்லைதான். 1973 முதல் 1975 வரை கிஸ்ஸிஞ்சர் அப்படி இருந்தார். 2025 மே முதல் மார்கோ ரூபியோவுக்கு இடைக்காலப் பொறுப்பாக அதே ஏற்பாடு வந்தது. அப்போது வேறு சிக்கல்: வெளியுறவுத் துறையின் குறிப்பை நடுநிலையாகத் தலைவர் முன் வைக்க வேண்டியவரே அந்தத் துறையின் அமைச்சர். அந்த ஏற்பாட்டில் நடுக்குழுவுக்குத் தலைமை வகிக்கும் துணை ஆலோசகர்தான் உண்மையான நடுவர். அவரை எல்லாத் துறைகளின் சம்மதத்தோடு நியமியுங்கள்.

பதவி கைமாறும்போது

எழுத்தில் இருக்கும் ஒப்பந்தங்களை அடுத்தவர் தானே படித்துக்கொள்வார். அவருக்கு இல்லாதது வாய்மொழி வாக்குறுதிகள். எந்த நாட்டிடம், எந்தத் தேதியில், யார் முன்னிலையில், எந்தச் சொற்களில், எந்த நிபந்தனையோடு சொல்லப்பட்டது. எதிர்த்தரப்பு அதை எப்படிப் புரிந்துகொண்டிருக்கலாம். தலைவருக்கு அது தெரியுமா. இந்தப் பட்டியலைப் பதவியின் முதல் நாளிலிருந்து வைத்துவர வேண்டும், கடைசி வாரத்தில் நினைவிலிருந்து எழுத முடியாது. கைமாற்றும் நாளில் இரண்டு பிரதிகள்: ஒன்று அடுத்த ஆலோசகருக்கு, ஒன்று வெளியுறவு அமைச்சருக்கு.